நாற்பதுக்கு மேல் தூக்குது

அன்னூரிலிருந்து சரவணம்பட்டிக்கு ஐ.டி. கம்பெனி பஸ் ஓட்டும் ஆறுச்சாமிக்கு நாற்பத்தேழு வயது. இருபத்திரண்டு வருஷமாக ஸ்டியரிங் பிடிக்கிறார். சத்தி ரோட்டில் குறுக்கே ஓடிய ஆட்டுக்குட்டிகூட அவர் வண்டியில் இதுவரை அடிபட்டதில்லை. அப்பேர்ப்பட்ட மனுஷரின் கையில் செல்போனைக் கொடுத்துத் துப்பாக்கி விளையாட்டில் இறக்கிவிட்டால், பத்தடி தள்ளி அசையாமல் நிற்கிற எதிரியைக்கூடச் சுட முடியாமல் திண்டாடுவார். முதல் குண்டு எதிரியின் தோளுக்குப் பக்கத்தில் போகும். அடுத்தது தலைக்கு மேலே. அதற்கப்புறம் எல்லாமே வானத்துக்குத்தான்.

"ஆறுச்சாமியண்ணன் மறுபடியும் காக்கா சுடறாருங்க" என்பான் வின்ஸ்டன். பார்க்கிங்கின் பின்பக்கத்துத் தகரக் கொட்டகையே சிரிக்கும்.

காலை எட்டரைக்கு ஆட்களை இறக்கிவிட்டால் சாயங்காலம் ஐந்தரை வரை டிரைவர்களுக்கு அந்தக் கொட்டகைதான் கதி. ஒரு காலத்தில் சீட்டு ஆடினார்கள். பிறகு ஒருவர் பின் ஒருவராகப் போனுக்கு மாறினார்கள். பாராசூட்டில் ஒரு தீவில் குதித்து, துப்பாக்கி பொறுக்கி, மற்ற அணிகளையெல்லாம் தீர்த்துக்கட்டிக் கடைசியில் மிஞ்சும் அணி ஜெயிக்கிற விளையாட்டு. ஒரு அணிக்கு நான்கு பேர். துடியலூர் பஸ் ஓட்டும் பாக்கியராஜ்தான் கேப்டன். வேன் ஓட்டும் வின்ஸ்டன், கணபதி வழித்தடத்து சீனிவாசலு, நான்காவதாக ஆறுச்சாமி. சீட்டாட ஆள் இல்லாமல் தனியாக உட்கார்ந்திருக்கப் பிடிக்காமல் சேர்ந்தவர் அவர். சேர்ந்து எட்டு மாதம் ஆகியும் அவர் சுட்டு விழுந்தவர்கள் மொத்தம் ஆறு பேர். அதில் இரண்டு பேர் சொந்த அணிக்காரர்கள்.

ஆவணி மாதத்தில் ஒருநாள் கேண்டீன் சுவரில் ஒரு நோட்டீஸ் ஒட்டினார்கள். கம்பெனியின் ஆண்டு விழாவையொட்டி இந்த விளையாட்டில் போட்டி. இந்த வருஷம் செக்யூரிட்டி, கேண்டீன், டிரைவர் என்று வளாகத்தில் வேலை செய்கிற யார் வேண்டுமானாலும் சேரலாம் என்று அதில் போட்டிருந்தது. மூன்று வாரம் இருந்தது. கொட்டகை தீப்பிடித்த மாதிரி ஆகிவிட்டது.

அன்றைக்கு மத்தியானப் பயிற்சியில் ஆறுச்சாமி ஒரு கையெறி குண்டை வீசினார். அது ஜன்னல் கம்பியில் பட்டுத் திரும்பி வந்து, உள்ளே ஒளிந்திருந்த பாக்கியராஜையும் சீனிவாசலுவையும் சேர்த்து முடித்துவிட்டது.

பாக்கியராஜ் போனை மடியில் வைத்தான். பிறகு ரொம்ப மரியாதையாகச் சொன்னான்: "ஏனுங்ணா, தப்பா எடுத்துக்காதீங்க. கேண்டீன்ல தோசை மாஸ்டர் நல்லா ஆடறாராம். போட்டிக்கு மட்டும் அவரச் சேத்துக்கலாமான்னு ஒரு ரோசனை."

"அதுக்கென்ன, தாராளமாச் சேத்துக்கங்க" என்றார் ஆறுச்சாமி. சொல்லிவிட்டு வண்டியைத் துடைக்கிற சாக்கில் எழுந்து போய்விட்டார். ஏற்கெனவே பளபளவென்றிருந்த முன்கண்ணாடியை அரை மணி நேரம் துடைத்தார். மனசு கேட்கவில்லை.

அவர் சும்மா இருந்துவிடவும் இல்லை. யூடியூபில் தேடினார். சென்சிடிவிட்டி என்று ஒன்று இருக்கிறதாம். திரையில் விரலை இவ்வளவு நகர்த்தினால் துப்பாக்கி எவ்வளவு திரும்ப வேண்டும் என்பதற்கான அளவு அது. வெறும் பார்வைக்கு ஒரு எண், சுடும்போது ஒரு எண், துப்பாக்கியில் மாட்டும் ஒவ்வொரு தூரக்கண்ணாடிக்கும் தனித்தனி எண். முடியைச் சிவப்பாக்கிக்கொண்டிருந்த ஒரு பையன், "இந்த நம்பரைப் போடுங்க, எதிரி தலை உங்க கையில" என்று சத்தியம் செய்தான். ஆறுச்சாமி கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒவ்வொரு எண்ணாகப் பார்த்துப் பார்த்துப் போட்டார். போட்டுவிட்டு விளையாட்டுக்குள் போய் விரலை லேசாக வைத்தார். வீடு, மரம், வானம், மறுபடியும் வீடு என்று உலகமே ராட்டினத் தூரி மாதிரிச் சுற்றியது. அவருக்கு வாந்தி வரும்போல ஆகிவிட்டது.

மறுநாள் மத்தியானம் கொட்டகைப் பக்கம் போகவே பிடிக்காமல் தன் பஸ்ஸில் டிரைவர் சீட்டிலேயே உட்கார்ந்து அந்தச் சுற்றலோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். "நில்லு, நில்லுங்கறேன்ல, என்ன கெரகத்துக்கு இப்படி ஆடறே" என்று போனைத் திட்டிக்கொண்டிருந்தபோது, பின்னாலிருந்து யாரோ சிரிக்கும் சத்தம் கேட்டது.

கோவில்பாளையத்தில் ஏறுகிற பெண். காலையில் சீட்டில் விட்டுப்போன குடையை எடுக்க வந்திருந்தாள். பெயர் லின்சி என்று வருகைப் பட்டியலில் பார்த்த ஞாபகம். இருபத்தாறு, இருபத்தேழு வயதிருக்கும். மூன்று வருஷமாக இந்த வண்டியில் வருகிறாள். "குட்மார்னிங்ணா" என்பதைத் தாண்டி ஒரு வார்த்தை பேசியதில்லை.

"மன்னிச்சுக்குங்ணா, சிரிக்கோணும்னு சிரிக்கல. யாரு வெச்சுக் குடுத்த நம்பருங்ணா இது?"

"யூடியூப்ல ஒரு தம்பிங்க மேடம்."

"சித்தே குடுங்க, பாக்கலாம்."

அவள் பக்கத்து என்ஜின் பலகையில் உட்கார்ந்து போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். வாங்கின அன்றைக்கு ஒட்டின ஸ்கிரீன் கார்டின் வலது மூலையில் பெருவிரல் அளவுக்கு ஒரு காற்றுக் குமிழி இருந்தது. அதை நகத்தால் தட்டினாள்.

"நீங்க குறி பாக்கற எடத்துலயே குமிழி. விரலு எங்க இருக்குதுன்னு போனுக்கே தெரியாது. இத மொதல்ல கழட்டிப்போடலாமுங்களா?"

ஆறுச்சாமிக்கு அந்தக் கார்டைக் கழட்ட மனசே வரவில்லை. இருந்தாலும் தலையாட்டினார். அவள் ஒரே இழுப்பில் உரித்தாள்.

"இப்பச் சுடுங்க."

அவர் சுட்டார். பெருவிரல் நுனி வெளுத்துப்போகிற அளவுக்கு அழுத்தினார்.

"இத்தனை அழுத்தமா எதுக்குங்ணா? பலமா அமுக்குனா பலமாச் சுடும்னு நெனச்சுட்டீங்களா?"

அப்படித்தான் நினைத்திருந்தார். ஆனால் ஒப்புக்கொள்ளக் கூச்சமாக இருந்தது. "பழக்கமுங்க" என்று மட்டும் சொன்னார்.

போனைச் சாய்த்தாலே துப்பாக்கி திரும்புகிற ஒரு வசதி உண்டு என்றாள். ஸ்டியரிங் பிடிக்கிற கைக்கு அது தோதாக இருக்குமே என்று அவர் ஆசையாகக் கேட்டுக்கொண்டார். அவள் அதைத் தேடிப் போட்டுவிட்டுப் போனை இப்படியும் அப்படியும் சாய்த்தாள். ஒன்றும் நகரவில்லை. "உங்க போனுல அதுக்கான சென்சார் இல்லீங்ணா. போச்சாது, விரலையே நம்பலாம்."

"உங்களுக்கு இதெல்லாம் எப்படிங்க தெரியும்?"

"என் வேலையே அதானுங்ணா. செல்போன் ஆப்பு எல்லாத்தையும் எங்க கெட்டுப்போவுதுன்னு தட்டித் தட்டிப் பாக்கற டெஸ்டரு. பொறகு நானும் இத நாலு வருசமா ஆடறேன். இந்தப் போட்டியில எங்க டீமும் இருக்குது. நாலும் பொண்ணுங்க."

ஆறுச்சாமி போனைக் கீழே வைத்தார். "அப்ப நானு உங்களுக்கு எதிராளியாச்சுங்களே. எனக்கு எதுக்குங்க சொல்லித் தர்றீங்க?"

"சுடத் தெரியாதவங்கள ஜெயிச்சு என்னங்ணா பண்றது?" என்று குடையை எடுத்துக்கொண்டு இறங்கினாள். படியில் நின்று திரும்பி, "ஒண்ணு மட்டும் சொல்றேன். ஒரு நாளைக்கு ஒரே ஒரு நம்பரத்தான் மாத்தோணும். அஞ்சு அஞ்சாக் கொறைங்க. மாத்துனா என்னாச்சுன்னு எழுதி வெயுங்க. எல்லாத்தையும் ஒட்டுக்கா மாத்துனா எதனால நல்லாச்சு, எதனால கெட்டுச்சுன்னு கடைசி வரைக்கும் தெரியாது" என்றாள்.

பாடம் அப்படித் தொடங்கியது. தினமும் சாப்பாட்டு நேரத்தில் ஐந்து நிமிஷம் வருவாள். ஆளைச் சுடவே விடவில்லை. விளையாட்டிலேயே இருந்த பயிற்சி மைதானத்தில் ஒரு வெள்ளைச் சுவரைக் காட்டி, அதில் ஒரே புள்ளியைப் பார்த்து முப்பது குண்டையும் தீர்க்கச் சொன்னாள். சுட்டு முடித்ததும் சுவரில் விழுந்த ஓட்டைகளைக் காட்டினாள்.

"சுடச் சுடத் துப்பாக்கி மேல தூக்கும். ஓட்டை ஏணி மாதிரி மேல ஏறுச்சுன்னா நீங்க விரலக் கீழ இழுக்கறது பத்தலைன்னு அர்த்தம். பாம்பு மாதிரி வளைஞ்சு வளைஞ்சு போச்சுன்னா நம்பரு ஜாஸ்தி. செவுரு பொய் சொல்லாதுங்ணா."

ஆறுச்சாமியின் சுவரில் முதல் நாள் பாம்பு ஏணி இரண்டுமே இருந்தன. சாயங்காலம் கிளம்புகிற வரை அவரே தனியாகச் சுட்டுப் பார்த்தார். எழுதி வைக்கச் சொன்னாளே என்று காகிதம் தேடினார். கைக்கு அகப்பட்டது டிரிப் ஷீட்தான். போய்வந்த நேரம், கிலோமீட்டர், வண்டியில் ஏதாவது கோளாறு என்று தினமும் எழுதுகிற தாள். அதன் பின்பக்கம் காலியாக இருந்தது. அதில் அன்றைய எண்ணைப் போட்டுத் தன் குண்டு குண்டு எழுத்தில் எழுதினார்: '45: நெம்ப ஆடுது. கை நிக்க மாட்டேங்குது.'

விரல் பழகப் பழக அவருக்கு ஒரு ருசி வந்துவிட்டது. ஹாரனைப் போலப் பொத்தானை விடாமல் அமுக்குவதை நிறுத்தினார். நாலு குண்டு, ஒரு மூச்சு, மறுபடி நாலு குண்டு. ஆளைப் பார்த்த பிறகு குறியைத் தேடக்கூடாது, ஆள் வரப்போகிற இடத்தில் தலை உயரத்துக்குக் குறியை முன்கூட்டியே வைத்துக்கொள்ள வேண்டும் என்று லின்சி சொன்னபோது, அவருக்கு அது உடனே பிடிபட்டது. சந்து முனையைப் பார்த்தாலே அங்கிருந்து ஒரு ஸ்கூட்டர் பாயும் என்று பிரேக்கில் கால் வைக்கிறவர்தானே.

வண்டியை எடுக்கும்போது போனை அணைத்து டேஷ்போர்டு பெட்டிக்குள் போட்டுப் பூட்டிவிடுவார். வீட்டுக்குப் போய்க் காபி குடித்த கையோடு மறுபடியும் சுவர்தான்.

"கழுத்து கோணிக்கப்போவுது, அதக் கீழ வெயுங்க" என்று முதல் நாள் சத்தம் போட்ட அவர் மனைவி மாசாணியம்மாள், ஒன்பதாவது நாள் அவர் "ஏ, இங்க வந்து பாரேன்!" என்று கூப்பிட்ட கூப்பாட்டில் அடுப்பை அணைத்துவிட்டு ஓடி வந்தாள். சுவரில் முப்பது ஓட்டைகளும் ஒரு டம்ளர் வாய் அளவு வட்டத்துக்குள் கிடந்தன.

"செவுத்துல ஓட்டை போட்டதுக்கா இத்தன சத்தம்?" என்றவள், கொஞ்சம் குனிந்து பார்த்தாள். "அட, ஆமா. திங்கக்கெழமை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் செதறிக் கெடந்துச்சு. இன்னைக்கு ஒண்ணா அடங்கியிருக்குது."

அவள் தினமும் எட்டிப் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறாள் என்பது ஆறுச்சாமிக்கு அப்போதுதான் தெரிந்தது. அன்றைக்கு இரண்டு தோசை அதிகம் சாப்பிட்டார்.

வெள்ளிக்கிழமை வழக்கம்போல இரண்டு வாரத்து டிரிப் ஷீட்டுகளை அடுக்கி டிரான்ஸ்போர்ட் ஆபீசில் கொடுத்தார். பின்பக்கத்தைப் பற்றி அவருக்கு நினைவே இல்லை.

திங்கட்கிழமை காலை ஆட்களை இறக்கிவிட்ட உடனே இரண்டு மெக்கானிக்குகள் வந்து சாவியை வாங்கிக்கொண்டு போனார்கள். வழக்கமான சர்வீஸ் என்று நினைத்து அவரும் கொடுத்துவிட்டார். பதினோரு மணிக்கு டிரான்ஸ்போர்ட் சூப்பர்வைசர் கதிரேசன் ஆள் அனுப்பினார். கதிரேசன் சிரித்து அந்த வளாகத்தில் யாரும் பார்த்ததில்லை.

"உக்காருங்க" என்றார் கதிரேசன். டிரிப் ஷீட்டுகளை மேசையில் வைத்தார். "எத்தன நாளா இந்த நெலமையில வண்டி ஓட்டறீங்க?"

"எந்த நெலமைங்க சார்?"

"நாப்பது பேரு உசுருங்க ஆறுச்சாமி! உங்க கைப்பட எழுதி வெச்சுட்டு எங்கிட்ட ஒரு வார்த்தை வாயில சொல்லக் கூடாதா?" கதிரேசன் தாள்களை ஒவ்வொன்றாகத் திருப்பி உரக்கப் படித்தார். "'45: நெம்ப ஆடுது. கை நிக்க மாட்டேங்குது.' அடுத்தது, '40க்கு மேல போனாத் தூக்குது.' அடுத்தது, '40: ஆட்டம் கொறஞ்சிருக்குது, ஆனா வலது பக்கம் இழுக்குது.' முன் சக்கரம் ரெண்டையும் கழட்டிப் போட்டு ரெண்டு மணி நேரமாத் தேடறாங்க. ஒண்ணும் அகப்படல. எங்க ஆடுது? சொல்லுங்க!"

ஆறுச்சாமி தாள்களை எட்டிப் பார்த்தார். "சார், அது வண்டி இல்லீங்க" என்றார்.

"வண்டி இல்லாம?"

"துப்பாக்கிங்க."

கதிரேசன் நாற்காலியைக் கொஞ்சம் பின்னுக்கு நகர்த்தினார்.

இதற்குள் அன்னூர் வழித்தடத்து வாட்ஸ்அப் குழுவில் ஆபீசிலிருந்து ஒரு அறிவிப்பு போயிருந்தது: 'நமது பேருந்து நாற்பது கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் ஆடுவதாக ஓட்டுநர் தெரிவித்துள்ளதால், இன்று மாலை மாற்று வண்டி இயக்கப்படும்.' நான்காவது மாடியில் தன் மேசையில் உட்கார்ந்திருந்த லின்சி அதைப் படித்தாள். ஒரு நிமிஷம் ஒன்றும் புரியவில்லை. புரிந்ததும் அவளுக்கு வந்த சிரிப்பில் பக்கத்து மேசைக்காரர்கள் தண்ணீர் பாட்டிலோடு ஓடி வந்தார்கள். கண்ணைத் துடைத்துக்கொண்டு லிஃப்டுக்குக்கூடக் காத்திராமல் படியிறங்கி ஓடினாள்.

அவள் மூச்சுவாங்க டிரான்ஸ்போர்ட் ஆபீசுக்குள் நுழைந்தபோது, ஆறுச்சாமி மேசை மேல் போனை வைத்துக் கதிரேசனுக்குச் சுவரைக் காட்டிக்கொண்டிருந்தார்.

"சார், தப்பு என்னுதுங்க. நாந்தான் எழுதி வெக்கச் சொன்னேன். எதுல எழுதோணும்னு சொல்லல" என்றாள்.

கதிரேசன் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "மெக்கானிக்குங்ககிட்ட ஆறுச்சாமி நேருல போயி மன்னிப்புக் கேக்கோணும். எனக்கு ஒரு விளக்கக் கடுதாசி எழுதிக் குடுக்கோணும். இனிமே டிரிப் ஷீட்டுல வண்டி சமாச்சாரம் தவிர ஒரு எழுத்து இருக்கப்படாது. போங்க."

ஆறுச்சாமி பத்தாவது வரை படித்தவர். விண்ணப்பம் எழுதுவதற்கு ஒரு தமிழ் உண்டு என்று அவருக்குப் பள்ளிக்கூடத்தில் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். கொட்டகை ஓரத்தில் உட்கார்ந்து யோசித்து எழுதினார்: 'பெருமதிப்பிற்குரிய ஐயா, மேற்படி ஆட்டம் பேருந்தினுடையது அன்று, துப்பாக்கியினுடையது என்பதைப் பணிவன்புடன் தெரிவித்துக்கொள்கிறேன். தற்போது 35 வைத்ததில் ஆட்டம் அறவே நின்றுவிட்டது.'

அதைப் படித்தபோது கதிரேசன் சிரித்ததை ஜன்னலுக்கு வெளியே நின்ற இரண்டு டிரைவர்கள் கண்ணால் கண்டார்கள். சாயங்காலத்துக்குள் அந்தக் கடிதம் வளாகம் முழுக்கப் போனிலேயே சுற்றிவிட்டது. செக்யூரிட்டி கேட்டில், "அண்ணா, நாப்பதுக்கு மேல தூக்குதுங்களா?" என்று கேட்டுவிட்டுத்தான் தடுப்பைத் தூக்கினார்கள்.

பாக்கியராஜுக்கு அதில் வேறு சேதி கிடைத்தது. மறுநாள் காலை ஆறுச்சாமியைப் பிடித்து உட்கார வைத்தான். "முப்பத்தஞ்சுல ஆட்டம் நின்னுபோச்சுன்னு எழுதியிருக்கீங்களே, நெசமாங்ணா? சுடுங்க பாக்கலாம்."

ஆறுச்சாமி சுட்டார். வின்ஸ்டனும் சீனிவாசலுவும் தலையை நுழைத்துப் பார்த்தார்கள். சுவரில் டம்ளர் வாய். தூரக்கண்ணாடி மாட்டிச் சுட்டார். அப்போதும் ஒரு சொம்பு வாய்க்குள் அடங்கியது. கொட்டகையில் யாரும் சிரிக்கவில்லை.

"தோசை மாஸ்டர் தோசையே சுடட்டும்" என்றார் சீனிவாசலு.

பாக்கியராஜுக்கு ஒரு விஷயம் மட்டும் ஆறவில்லை. "அதெல்லாஞ் செரி. போயும் போயும் எதிராளி டீமுகிட்டயா போய்க் கத்துக்குவீங்க? உங்க நம்பரு, நீங்க ஒளியற எடம், எல்லாம் அந்தப் புள்ளைக்கு மனப்பாடமா இருக்குமே!"

"சொல்லிக் குடுக்க நீங்க யாரும் வல்லையேப்பா" என்றார் ஆறுச்சாமி, மெதுவாகத்தான். பாக்கியராஜ் எழுந்தான். போய் இரண்டு டீ வாங்கிவந்து ஒன்றை அவரிடம் நீட்டினான்.

போட்டி சனிக்கிழமை காலை பத்து மணிக்குக் கேண்டீன் ஹாலில். பதினாறு அணிகள். சுவரில் பெரிய திரை. டிரைவர்கள் நால்வரும் துவைத்துத் தேய்த்த காக்கிச் சட்டையில் வந்திருந்தார்கள். எதிர்மேசையில் லின்சியின் அணி. அவளுக்குப் பக்கத்தில் பூஜிதா என்று ஒருத்தி, ஒல்லியாக, பேசவே பேசாமல், வியர்வையில் வழுக்காமலிருக்க விரல்களுக்கு முகப்பவுடர் போட்டுக்கொண்டிருந்தாள். லின்சி கையை ஆட்டினாள். ஆறுச்சாமி எழுந்து நின்று வணக்கம் வைத்தார். பாக்கியராஜ் அவர் சட்டையைப் பிடித்து உட்கார வைத்தான்.

குதித்த மூன்றாவது நிமிஷத்தில் வின்ஸ்டன் செத்தான். தோட்டா எடுக்கப் போன இடத்தில் கேண்டீன் அணியின் தோசை மாஸ்டர் ஒளிந்திருந்தார். சீனிவாசலு ஒரு ஜீப்பைக் கண்டுபிடித்தார். அதற்கப்புறம் டிரைவர்களுக்குக் கவலையே இல்லை. மலைச்சரிவு, வயல்வெளி, பாலம் என்று சீனிவாசலு ஓட்டிய ஓட்டில் குண்டு மழைக்குள் புகுந்து ஒரு கீறலும் இல்லாமல் வெளியே வந்தார்கள். ஹாலில் இருந்தவர்கள் ஜீப்புக்கே கைதட்டினார்கள். வழியில் ஆறுச்சாமி இரண்டு பேரை வீழ்த்தினார். ஒருவர் மனிதவளத் துறை. இன்னொருவர் தோசை மாஸ்டர்.

விளையாட்டில் போகப் போக எல்லை சுருங்கும். கடைசியில் அது ஒரு மாடி வீட்டையும் அதன் முற்றத்தையும் சுற்றி வந்து நின்றது. அப்போது மிஞ்சியிருந்தவை இரண்டே அணிகள். சீனிவாசலு ஜீப்போடு வெடித்துப்போயிருந்தார். முற்றத்தைக் கடக்க ஓடிய பாக்கியராஜைப் பூஜிதா எங்கிருந்தோ ஒரே குண்டில் சாய்த்தாள். டிரைவர்கள் பக்கம் ஆறுச்சாமி மட்டும். அந்தப் பக்கம் லின்சி, பூஜிதா.

"அண்ணா, படிக்கட்டு! படிக்கட்டுலதான் வருவாங்க!" என்று காதோரம் கத்தினான் பாக்கியராஜ்.

ஆறுச்சாமி மாடியறையில், கதவுக்கு நேரே, தலை உயரத்தில் குறியை வைத்துக்கொண்டு காத்திருந்தார். பெருவிரல் திரையில் பட்டும் படாமல் கிடந்தது. காலடிச் சத்தம் ஏறியது. நின்றது. மறுபடி ஏறியது. கதவோரம் ஒரு உருவம் சாய்ந்து எட்டிப் பார்த்தது.

நாலு குண்டு. உருவம் சுருண்டு விழுந்தது. பெரிய திரையின் மேல்மூலையில் விழுந்தவரின் பெயர் வந்தது: லின்சி.

ஹாலே எழுந்து ஆர்ப்பரித்தது. ஆறுச்சாமி போனிலிருந்து நிமிர்ந்து பார்த்தார். எதிர்மேசையில் அவள் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவர் யோசிக்கவே இல்லை. போனை மேசையில் வைத்துவிட்டு எழுந்து நின்று இரண்டு கையையும் கூப்பினார்.

"அம்மணி, மன்னிச்சுக்குங்க! உங்களையே சுட்டுப்போட்டேன்!"

"அண்ணாஆஆ!" என்று பாக்கியராஜ் அலறினான். அவன் பாய்ந்து போனை எடுப்பதற்குள் பூஜிதா படியேறி வந்து, கதவுக்கு நேரே ஆணி அடித்தாற்போல நின்றிருந்த ஆறுச்சாமியை ஒரே குண்டில் முடித்துவிட்டாள்.

முதல் பரிசு பெண்கள் அணிக்கு. இரண்டாவது பரிசு டிரைவர்களுக்கு, ஆளுக்கொரு ஃப்ளாஸ்க். மேடையில் பரிசு கொடுத்த கதிரேசன், ஆறுச்சாமியின் கையைக் குலுக்கும்போது, "கடுதாசில எழுதுனது நெசந்தான் போலிருக்குது" என்று காதில் சொன்னார்.

கீழே இறங்கியதும் பாக்கியராஜ் ஆரம்பித்தான். "கும்படறதுக்கு அதானுங்ணா நேரம்? ஒரே ஒருத்தி பாக்கி! அவளையும் போட்டுட்டு நாளெல்லாம் கும்புட்டிருக்கலாமே!"

"என்னத்தப்பா பண்றது. கை பாட்டுக்குச் சுட்டுப்போடுச்சு. மனசு அப்புறந்தான் வந்துச்சு."

பாக்கியராஜ் சிரித்துவிட்டான். ஃப்ளாஸ்க்கால் அவர் தோளில் ஒரு இடி இடித்தான்.

சனிக்கிழமை என்பதால் இரண்டு மணிக்கே பஸ் கிளம்ப வேண்டும். வண்டியில் ஏறிய ஒவ்வொருவரும் ஏதாவது சொல்லிவிட்டுத்தான் உள்ளே போனார்கள். கடைசியாக லின்சி வந்து என்ஜின் பலகையருகே நின்றாள்.

"நாலே குண்டுங்ணா. மூணு தலையில, ஒண்ணு தோளுல. திரும்பத் திரும்பப் போட்டுப் பாத்துட்டேன்."

"கோவமில்லீங்களே அம்மணி?"

"கோவமா? எங்க மேனேஜர்கிட்டப் பெருமை பேசிட்டு வாரேன்." அவள் குரலைத் தாழ்த்தினாள். "ஒரு விசயம் கேக்கோணும். அடுத்த மாசம் எல்லாக் கம்பெனிக்கும் சேத்து ஒரு போட்டி வருதுங்ணா. எங்க டீமுல லோகப்பிரியாவுக்குக் கல்யாணம், வரமாட்டா. நீங்க எங்களோட ஆடறீங்களா?"

ஆறுச்சாமியின் முகம் முழுக்க மலர்ந்தது. பிறகு சட்டென்று கலவரமானது. "எங்க கேப்டன ஒரு வார்த்தை கேக்கோணுமுங்களே."

கேட்க வேண்டியிருக்கவில்லை. ஜன்னலுக்குக் கீழே பாக்கியராஜ் நின்றுகொண்டிருந்தான். எவ்வளவு நேரமாக என்று தெரியவில்லை.

"ஏனுங்க மேடம், எங்க ஆள எங்களுக்குத் தெரியாமயே கூட்டிட்டுப் போறீங்களா?"

"நீங்கதான தோசை மாஸ்டரப் போடலாம்னு சொன்னீங்களாம்" என்றாள் லின்சி.

"அது ஆவணியில சொன்னதுங்க! இப்பப் பொரட்டாசி!"

உள்ளேயிருந்து யாரோ, "அண்ணா, வண்டிய எடுங்க, பசிக்குது!" என்று கத்தினார்கள். ஆறுச்சாமி போனை அணைத்துப் பெட்டிக்குள் பூட்டினார். என்ஜின் உறுமியது.

"நானும் வந்தாத்தான் அவரு வருவாருங்க மேடம்! சப்ஸ்டியூட்டாவாச்சும் போடுங்க!" என்றபடி பாக்கியராஜ் நகரும் பஸ்ஸோடு சேர்ந்து நடந்தான். பிறகு ஓடினான். "தண்ணி பாட்டில் தூக்கறதுக்காவது கூட்டிப் போங்க!"

"பூஜிதாகிட்டக் கேட்டுச் சொல்றேனுங்க!" என்று லின்சி ஜன்னல் வழியே தலையை நீட்டிச் சொன்னாள். பஸ் கேட்டைத் தாண்டிச் சத்தி ரோட்டில் ஏறியது. சிரிப்பை அடக்க முடியாமல் ஆறுச்சாமி தேவையே இல்லாமல் இரண்டு முறை ஹாரன் அடித்தார்.